பெற்றோர் இல்லாத நேரத்தில் ஸ்டேஷனில் மகனைச் சோதனை போட்டார்கள்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறான். போன வாரம் சாயங்காலம் டியூஷன் முடிந்து இரண்டு நண்பர்களுடன் பேருந்து நிலையம் பக்கம் நின்றவனைப் போலீஸார் ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நண்பர்களில் ஒருவனுக்கு 19 வயது. கஞ்சா கைமாறுவதாகத் தகவல் வந்ததாம். ஸ்டேஷனில் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். சட்டை, பேன்ட்டைக் கழற்றச் சொல்லி ஜட்டியோடு நிற்க வைத்திருக்கிறார்கள். செல்போனை வாங்கி, லாக்கை எடுக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கன்னத்தில் ஓர் அறையும் விழுந்திருக்கிறது. எதுவும் கிடைக்கவில்லை. நான்கு மணி நேரம் கழித்துத்தான் எங்களுக்குத் தகவல் வந்தது. இரவு போய் அழைத்துவந்தோம். அதற்கு முன்பே ஒரு வெள்ளைத் தாளில் அவனிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். போன் இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. பெற்றோர் இல்லாமல் 16 வயதுப் பையனை இப்படிச் சோதனை போடப் போலீஸுக்கு அதிகாரம் உண்டா? இது கேஸ் ஆகுமா? பள்ளிக்குத் தெரிந்துவிடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் பக்கத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு சோதனை சட்டவிரோதம் ஆகிவிடாது. 18 வயது நிறையாதவரின் உடலைச் சோதிக்கும்போது தாயோ தந்தையோ உடன் இருந்தே தீர வேண்டும் என்று இந்தியச் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. 'நாங்கள் வருவதற்குள் எப்படித் தொடலாம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போகிற பெற்றோர், அதற்கு ஸ்டேஷனில் ஒரு வரிப் பதில் கிடைத்ததும் பேச்சிழந்து நிற்கிறார்கள். உங்கள் மகன் விஷயத்தில் தவறு நடந்திருக்கிறது, அதுவும் பல இடங்களில். ஆனால் அவை வேறு இடங்களில் இருக்கின்றன. அவனைப் பிடித்த விதம், யார் பொறுப்பில் வைத்தார்கள் என்பது, ஆடையைக் கழற்ற வைத்தது, போனுக்கு ரசீது தராதது, தாளில் கையெழுத்து வாங்கியது. உங்கள் மனு இந்த ஐந்தின் மேல் நிற்க வேண்டும்.

சோதனை அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 49ஆம் பிரிவுதான் (பழைய 51) கைதானவரின் உடலைச் சோதிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. அது எல்லோருக்கும் எப்போதும் பொருந்தாது. வாரன்ட் இல்லாமல் கைது செய்யப்பட்டவர் என்றால், சட்டப்படி ஜாமீனில் விட முடியாத நிலையிலோ ஜாமீன் கொடுக்க இயலாத நிலையிலோ இருக்க வேண்டும். அப்போதுதான் கைது செய்த அதிகாரி அவரைச் சோதித்து, அவசியமான உடுப்பு தவிர மற்றதை எடுத்துப் பத்திரமாக வைக்கலாம். எடுத்த ஒவ்வொரு பொருளுக்கும் ரசீது தர வேண்டும். பெண் என்றால் பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியம் சிறிதும் குறையக் கூடாது. இது 16 வயதுப் பெண் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும். ஆயுதம் ஏதும் இருந்தால் அதை எடுத்துக்கொள்ள 50ஆம் பிரிவு தனியாக அதிகாரம் தருகிறது. அதில் எவரும் குறை சொல்ல முடியாது.

இப்போது உங்கள் மகனுக்கு வருவோம். அவனைக் கைது செய்தார்களா? கேட்டால், பெரும்பாலும், 'கைது எல்லாம் இல்லம்மா, சும்மா விசாரிச்சு அனுப்பிட்டோம்' என்பார்கள். அந்தப் பதிலை எழுத்தில் வாங்க முயலுங்கள், உங்களுக்கு அது லாபம். கைது இல்லை என்றால் 49ஆம் பிரிவின் கீழ் உடம்பைத் தொட்டுச் சோதிக்கும் அதிகாரமும் இல்லை. கைதுதான் என்றால் சிறார் நீதிச் சட்டம் 2015 முழுமையாக உள்ளே வந்துவிடுகிறது. காவல் நிலைய நாட்குறிப்பில் பதிவு, குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடம் ஒப்படைப்பு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை என்று வரிசையாகக் காகிதம் இருந்தாக வேண்டும். எந்தப் பக்கம் நின்றாலும் அவர்கள் ஒரு காகிதம் காட்டியாக வேண்டும் என்பதை மனதில் வையுங்கள்.

சிறார் நீதிச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, பிடிபட்ட குழந்தையை உடனே சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடமோ ஒப்படைக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமம் கூடாத நாளில் தனி உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம், ஞாயிற்றுக்கிழமை என்பது சாக்கு ஆகாது. எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இருக்க வேண்டும், அவர் உதவி ஆய்வாளருக்கு அடுத்த நிலையான ஏ.எஸ்.ஐ.க்குக் குறையாத பதவியில் இருக்க வேண்டும் என்கிறது 107ஆம் பிரிவு. பையனிடம் பேசும்போது அவர் சீருடையில் இருக்கக் கூடாது. உங்கள் மகனிடம் பேசிய அத்தனை பேரும் காக்கியில் இருந்தார்கள் என்றால், அந்த அலுவலர் இந்த விஷயத்துக்குள் வரவே இல்லை என்று அர்த்தம். மனுவில் இது தனி வரியாக வரட்டும்.

பெற்றோருக்குத் தகவல் சொல்வது 13ஆம் பிரிவில் இருக்கிறது. குழந்தையை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த பின் இயன்ற அளவு விரைவாகப் பெற்றோருக்கும், நன்னடத்தை அலுவலருக்கும் சொல்ல வேண்டும். கையில் செல்போன் வைத்திருக்கும், அம்மாவின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் பையன் விஷயத்தில் நான்கு மணி நேரத் தாமதத்துக்கு நியாயம் சொல்வது அவர்களுக்குக் கடினம். போலீஸ் கேள்வி கேட்கும்போது பெற்றோர் உடன் இருக்கலாம் என்று மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளில் 8ஆம் விதி சொல்கிறது. ஆகச் சோதனைக்கு உங்கள் இருப்பைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, விசாரணையின்போது உடன் இருக்க உங்களுக்கு இடம் தருகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் மனு எழுதினால் அதைப் படிக்கிற அதிகாரி ஒதுக்கித் தள்ள மாட்டார். தமிழ்நாடு 2017இல் தனக்கென விதிகள் வகுத்திருக்கிறது. வக்கீல் மனு தயாரிக்கும்போது அதன் எண்ணையும் சேர்த்துக்கொள்வார்.

அதே 8ஆம் விதியில் இன்னும் முக்கியமான ஒரு பகுதி இருக்கிறது. கொடிய குற்றம் என்றால்தான் சிறாரைப் பிடிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தலாம், அல்லது பிடிப்பது அந்தக் குழந்தையின் நலனுக்கே தேவை என்றிருக்க வேண்டும். கொடிய குற்றம் என்பது குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம். 3 ஆண்டு வரை மட்டுமே தண்டனை உள்ளவை சிறு குற்றங்கள். போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, தண்டனை ஓராண்டு வரை. 20 கிலோவுக்கு மேல் போனால்தான் வணிக அளவு, அங்கேதான் குறைந்தபட்சம் 10 ஆண்டு. ஒரு பள்ளி மாணவனின் பையிலோ பாக்கெட்டிலோ பொட்டலம் இருப்பதாகச் சந்தேகம் என்றால் அது சிறு குற்றத்தின் எல்லைக்குள்தான் வரும். அப்படிப்பட்டதில் தகவலை நாட்குறிப்பில் எழுதிக் குழுமத்துக்கு அனுப்பி, எந்தத் தேதியில் பையனை அழைத்துவர வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்வதுதான் முறை. ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனதே கேள்விக்குரியது என்றால் அதன் தொடர்ச்சியான சோதனையும் கேள்விக்குரியதுதான். ஜாமீன் விஷயத்திலும் இதே கதை. சிறார் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, ஜாமீனில் விடக்கூடாத குற்றமாகவே இருந்தாலும் சிறாரை விடுவிப்பதுதான் விதி. 'ஜாமீனில் விட முடியாதவர்' என்ற நிபந்தனையின் மேல் நிற்கும் 49ஆம் பிரிவு இப்படிப்பட்ட பையனுக்கு எப்படிப் பொருந்தும் என்று உங்கள் வக்கீல் வாதிட நல்ல இடம் இருக்கிறது.

போலீஸார் இதற்கு மாற்றாக ஒன்று சொல்லக்கூடும். 'போதைப்பொருள் சட்டத்தின் 43ஆம் பிரிவில் பொது இடத்தில் யாரையும் நிறுத்திச் சோதிக்கலாம்' என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு நம்பத்தகுந்த காரணம் இருக்க வேண்டும். உடலைச் சோதிக்கும் முன் அதே போதைப்பொருள் சட்டத்தின் 50ஆம் பிரிவு ஒரு பெரிய நிபந்தனை போடுகிறது. 'கெசட்டட் அதிகாரி முன்னிலையிலோ மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ சோதிக்கும்படி கேட்க உனக்கு உரிமை இருக்கிறது' என்று முதலில் சொல்ல வேண்டும். அவன் கேட்டால் அழைத்துப்போக வேண்டும். அழைத்துப்போக முடியாத நிலை என்றால் ஏன் முடியவில்லை என்று எழுதி, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். இந்த உரிமையைச் சொல்வது கட்டாயம், சொல்லாமல் எடுத்த போதைப்பொருளை வைத்துத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2010இல் விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கில் உறுதிப்படுத்தியது. கவனம், இது உடம்புச் சோதனைக்கு மட்டும். தோளில் மாட்டிய பை இதில் வராது என்று 2005இல் பவன் குமார் வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஆகப் பையைக் கொட்டியதைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். சட்டை பேன்ட்டைக் கழற்றச் சொன்னதற்கு முன் இந்த உரிமையை யாராவது அவனிடம் சொன்னார்களா என்று மட்டும் மகனிடம் கேட்டு எழுதி வையுங்கள். நியாயமான சந்தேகம் இல்லாமல், தொல்லை கொடுக்கும் நோக்கில் சோதித்த அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை என்று அதே சட்டத்தின் 58ஆம் பிரிவு இருக்கிறது. இந்த எண்ணை மனுவில் பார்த்தால் அதிகாரி நிமிர்ந்து உட்கார்வார்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். சோதனை சட்டவிரோதம் என்பதாலேயே அதில் கிடைத்த பொருள் சாட்சியமாக ஏற்கப்படாது என்று பொதுவாக நம் நாட்டில் விதி கிடையாது. பூரண்மல் வழக்கு முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை அதுதான். 50ஆம் பிரிவு மீறப்பட்ட உடம்புச் சோதனை ஒரு முக்கிய விலக்கு. உங்கள் மகனிடம் எதுவும் கிடைக்கவில்லை என்பதால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை. வேறு பெற்றோர் படித்துவிட்டுத் தப்பான நம்பிக்கையில் இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆடையைக் கழற்ற வைத்தது பற்றி. 'அவசியமான உடுப்பு தவிர' என்று சட்டமே சொல்லும்போது, உடுப்பை முழுக்கக் கழற்றி நிற்க வைக்க அது வழி தரவில்லை. உடலை உள்ளே பரிசோதிக்க வேண்டும் என்றால் அது டாக்டரின் வேலை. பதிவு பெற்ற மருத்துவர்தான் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51ஆம் பிரிவின் கீழ் செய்ய வேண்டும், பெண் பிள்ளைக்குப் பெண் மருத்துவர் அல்லது அவர் மேற்பார்வை. சிறாரின் கண்ணியமும் அந்தரங்கமும் சிறார் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் அடிப்படைக் கோட்பாடுகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. சிறார் மீது பலப்பிரயோகமோ வற்புறுத்தலோ கூடாது, கைவிலங்கு போடக் கூடாது என்று 8ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது. பொறுப்பில் இருக்கும் குழந்தையைத் தாக்கினால், துன்புறுத்தினால் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. எந்த அறையில் கழற்றச் சொன்னார்கள், கதவு சாத்தியிருந்ததா, யார் யார் இருந்தார்கள், பெண் காவலர் நடமாட்டம் இருந்ததா, எவ்வளவு நேரம், யாராவது போனில் படம் எடுத்தார்களா என்று மகனிடம் மெதுவாகக் கேளுங்கள். அவனது அந்தரங்க உறுப்பை எவராவது தொட்டதாகச் சொன்னால் இது வேறு தளத்துக்குப் போய்விடும். போக்சோ சட்டத்தில் காவல் நிலைய எல்லைக்குள் காவலரே செய்யும் பாலியல் அத்துமீறலுக்குக் கடுமையான தனிப் பிரிவே இருக்கிறது. அப்படி ஏதும் இருந்தால் மற்ற மனுக்களை நிறுத்திவிட்டு முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பேசுங்கள்.

எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் கவலை தருவது சோதனை அல்ல, அந்த வெள்ளைத் தாள். சிறாரிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது, குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்தக் கூடாது என்று 8ஆம் விதி நேரடியாகச் சொல்கிறது. விசாரணையில் போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் பெரியவர்களே கையெழுத்துப் போடக் கூடாது என்பது நடைமுறைச் சட்டம். அப்படியிருக்க எழுதாத தாளில் கையெழுத்து எதற்கு? அதை '50ஆம் பிரிவின்படி எனக்கு உரிமை சொல்லப்பட்டது, எஸ்.ஐ.யே சோதிக்கச் சம்மதம்' என்று நிரப்பலாம். மகஜர் (பொருளைக் கைப்பற்றிய பதிவு) சாட்சியாக ஆக்கலாம். 19 வயது நண்பன் மேல் கேஸ் போடும்போது உங்கள் மகனின் கையெழுத்தை எங்காவது பொருத்தலாம். இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நடந்துவிட்டால் மறுக்க, தாளை எழுதாத நிலையில் வாங்கினார்கள் என்பதை நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் கேஸுக்குப் பயந்து கட்டிய கதை என்பார்கள்.

ஆகையால் இந்த வாரத்துக்குள் இதைச் செய்யுங்கள். மகனை உட்காரவைத்து, அவனே அவன் சொற்களில் எழுதட்டும். நீங்கள் வாக்கியம் எடுத்துக் கொடுக்காதீர்கள். தேதி, நேரம், எந்த இடத்தில் பிடித்தார்கள், ஜீப் எண் நினைவிருந்தால் அது, பெயர்ப்பட்டையில் இருந்த பெயர், யார் என்ன கேட்டார்கள், எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டான், எங்கே போட்டான். மேலே போட்டானா கீழே போட்டானா என்பது கூட முக்கியம், கீழ்க்கோடியில் போட்டிருந்தால் மேலே இடம் விட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதன் பிறகு இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம். நீட்டி முழக்க வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

'... தேதி மாலை ... மணிக்கு 16 வயது நிறைந்த என் மகனைத் தங்கள் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, இரவு ... மணிக்கு என்னிடம் ஒப்படைத்தீர்கள். அவனிடமிருந்து ... நிறுவனச் செல்போன் (ஐ.எம்.இ.ஐ. எண் ...) எடுக்கப்பட்டது. ரசீது தரப்படவில்லை. எழுதப்படாத ஒரு தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது. செல்போனைத் திருப்பித் தரவும், எழுதாத தாளைத் திருப்பித் தரவும், அதைப் பயன்படுத்தியிருந்தால் அதன் நகலைத் தரவும் வேண்டுகிறேன். மேற்படி நேரத்துக்கான நாட்குறிப்புப் பதிவின் நகலும், பொருள் பட்டியலும் வேண்டும். அந்த நேரத்துக்கான சி.சி.டி.வி. பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்கவும்.'

ஐ.எம்.இ.ஐ. எண் போன் வாங்கிய பெட்டியிலோ பில்லிலோ இருக்கும். கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம், ஸ்பீடு போஸ்டில் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். ஒரு நகல் மாவட்ட எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் ஆணையருக்கு), இன்னொரு நகல் உங்கள் மாவட்ட இளைஞர் நீதிக் குழுமத்தின் முதன்மை மாஜிஸ்திரேட்டுக்கு. குழுமத்துக்கு அனுப்புவதை விட்டுவிடாதீர்கள். ஒரு சிறார் முன்னால் வரும்போது அவனைப் போலீஸ் துன்புறுத்தவில்லை என்று தன்னளவில் உறுதி செய்துகொள்ள வேண்டும், துன்புறுத்தியிருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சிறார் நீதிச் சட்டத்தின் 14ஆம் பிரிவு குழுமத்தின் தலையில் கடமை வைத்திருக்கிறது. குழுமங்கள் வாய்மூடிப் பார்வையாளராக இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2020 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக் குழந்தைகள் இல்ல வழக்கில் சொன்னது.

சி.சி.டி.வி. கேட்பதைச் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், வராந்தா, லாக்கப், அதிகாரிகள் அறை எல்லாவற்றிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைக்கும் கருவி வேண்டும், அது கிடைக்காத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. அவன் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி இல்லை. பாதுகாத்து வையுங்கள் என்று எழுத்தில் கேட்ட பிறகு 'அழிந்துவிட்டது' என்று சொல்வது அவர்களுக்கு எளிதாக இராது.

அறை விழுந்தது பற்றி. பிடிபட்டவரைக் கைதுக்குப் பின் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பது சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு. உங்கள் மகனுக்கு அது நடக்கவில்லை. ஒரு வாரம் ஆகிவிட்டதால் கன்னத்தில் தடம் இருக்காது. ஆனால் கன்னத்தில் விழுந்த அறையில் செவிப்பறை கிழியக்கூடும், பிள்ளைகள் அதைச் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். காது அடைத்திருக்கிறதா, உள்ளே இரைகிறதா, ஒரு பக்கம் சரியாகக் கேட்கவில்லையா என்று கேளுங்கள். ஏதாவது இருந்தால் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, 'காவல் நிலையத்தில் அறைந்தார்கள்' என்று அவனே டாக்டரிடம் சொல்லி, ஏ.ஆர். (மருத்துவமனை விபத்துப் பதிவேடு) பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். அந்த ஏ.ஆர். நகல் இல்லாமல் பின்னால் பேசுவது வீண்.

செல்போன் விஷயத்தில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். கருவியை எடுத்து வைப்பது ஒன்று, திறந்து உள்ளே படிப்பது வேறு. குற்றத்தோடு தொடர்புடையது என்ற சந்தேகம் இருந்தால் சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் கைப்பற்றலாம். கைப்பற்றினால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். ரசீதும் இல்லை, மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கையும் இல்லை என்றால் அவர்கள் போனைக் கைப்பற்றவில்லை, வெறுமனே வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டைச் சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் வக்கீலும் பெற்றோரும் இல்லாத அறையில், உள்ளாடையோடு நிற்கும் 16 வயதுப் பையன் லாக்கை எடுத்ததைச் 'சம்மதம்' என்று எவரும் நியாயமாகச் சொல்ல முடியாது. பத்து நாளில் போன் வரவில்லை என்றால் அதே சன்ஹிதாவின் 503ஆம் பிரிவில் திருப்பிக் கேட்டு மனுப் போடலாம். இளைஞர் நீதிக் குழுமத்துக்கு மாஜிஸ்திரேட்டின் அதிகாரங்கள் இருக்கின்றன. அதுவரை ஒன்றை மறக்க வேண்டாம். வங்கி, பணப் பரிமாற்றச் செயலிகளின் ரகசிய எண்ணை மாற்றுங்கள், தவறில்லை. வேறொரு கருவியிலிருந்து அந்தப் போனில் உள்ள எதையும் அழிக்காதீர்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் சாட்சியத்தை அழித்ததாக நாமே ஒரு குற்றச்சாட்டை உண்டாக்கிக் கொடுத்துவிடுவோம்.

கேஸ் ஆகுமா என்று கேட்டீர்கள். எதுவும் கிடைக்காத நிலையில் உங்கள் மகன் மேல் நிற்கக்கூடிய வழக்கு எதுவும் இல்லை. பொதுவாகச் சிறு குற்றம், கடுங்குற்றம் (சிறு குற்றத்துக்கும் கொடிய குற்றத்துக்கும் இடைப்பட்டது) என்றால் சிறார் மேல் எஃப்.ஐ.ஆர். கூடாது, நாட்குறிப்புப் பதிவோடு குழுமத்துக்கு அறிக்கை போக வேண்டும். பெரியவரோடு சேர்ந்து செய்ததாகச் சொன்னால் மட்டும் எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று விதியில் விலக்கு இருக்கிறது. 19 வயது நண்பன் உடன் இருந்ததால் அந்த ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தப் பையனிடம் ஏதாவது கிடைத்ததா, அவன் மேல் வழக்குப் பதிவானதா என்று அவன் வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவாகியிருந்தால் அதில் உங்கள் மகன் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு வக்கீல் வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் குழந்தைகளுக்கு இலவசமாகவே வக்கீல் நியமிப்பார்கள், குடும்ப வருமானம் பார்ப்பதில்லை. 15100 என்ற சட்ட உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.

வயதுச் சான்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். ஆதார் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு முதலில் கேட்பது பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் நகராட்சி அல்லது பஞ்சாயத்துப் பிறப்புச் சான்றிதழ். இவை எதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதாரைப் பிறந்த தேதிக்கான சான்றாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. உங்கள் மகனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல் ஒன்று போதும்.

பள்ளிக்குத் தெரியுமா? போலீஸ் சொல்லக் கூடாது. சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடுவது அதே சட்டத்தின் 74ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வழக்கு முடிந்த பிறகு நன்னடத்தைச் சான்றுக்குக்கூட அந்தப் பதிவைக் காட்டக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. பள்ளியில் யாராவது கேட்டால் நீங்களும் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி இதுபோல் ஒரு போன் வந்தால், பதற்றத்தில் 'என்ன செய்தான்' என்று கேட்பதற்கு முன் இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: பேசுபவரின் பெயரும் பதவியும், எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார்கள், எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு, குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார், எந்தக் குழுமத்தில் எப்போது நிறுத்தப் போகிறார்கள். 'நான் வந்துகொண்டிருக்கிறேன், அதுவரை அவனிடம் விசாரிக்க வேண்டாம், எதிலும் கையெழுத்து வாங்க வேண்டாம்' என்று சொல்லி, அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள். ஸ்டேஷனில் மகனை ஒப்படைக்கும்போது 'பொருள் எதுவும் பாக்கி இல்லை' என்று எழுதிய தாளை நீட்டினால், போன் கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது குறைவுதான். ஓடக் கூடாது, எதிர்த்துத் தள்ளக் கூடாது, சோதிக்கும் கையைத் தட்டிவிடக் கூடாது. பெயர், வயது, அம்மா அப்பா எண் மட்டும் சொல்லலாம். 'எனக்கு 16 வயசு, அம்மா வந்தப்புறம் பேசுறேன், மாஜிஸ்திரேட் முன்னாடி சோதனை பண்ணுங்க' என்று மரியாதையாக ஒரு தடவை சொன்னால் போதும். அவர்கள் கேட்காமல் சோதித்தாலும் சும்மா இருக்கட்டும், சொன்னது அவன் நினைவில் இருக்கும், பின்னால் அதை எழுதலாம். கையெழுத்து மட்டும் எந்த மிரட்டலுக்கும் போடக் கூடாது. பள்ளி அடையாள அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.

கடிதத்துக்கு 15 நாளில் பதில் இல்லையென்றால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கோ மாநில மனித உரிமை ஆணையத்துக்கோ எழுதுங்கள். மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் எழுத வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிய கடித நகல், ஸ்பீடு போஸ்ட் சான்று, மகன் கைப்பட எழுதியது, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகல், ஏ.ஆர். நகல் இருந்தால் அது ஆகியவற்றை இணையுங்கள். மகன் கைப்பட எழுதியதன் அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், எங்கேயும் நகல் மட்டும் போகட்டும்.